இறங்காத தரை

கடலைத் தூர்த்துப் போட்ட நிலம் இறங்கும். துறைமுகத்தில் தே தாரிக் டீ ஆற்றுகிறவருக்குக்கூட அது தெரியும். மணலைக் கொட்டி, பாரம் ஏற்றி, ரோலர் ஓட்டி, தார் போட்டு முடித்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். உம்பாய் என்ற கடலோர ஊருக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிய புதிய கண்டெய்னர் யார்டும் அப்படித்தான் இறங்கியது, பழைய கரையை ஒட்டிய ஒரு மூலையைத் தவிர. அங்கே மட்டும் தரை எழும்பியது.

முதலில் ஓரிடத்தில் தார் உப்பியது. வெயிலுக்கு உப்பியிருக்கும் என்று ரோலரை விட்டு அமுக்கினார்கள். மறுநாள் அதே இடத்தில் மறுபடி உப்பி, பக்கத்தில் இன்னும் சில கிளம்பியிருந்தன. எஞ்சினியர்கள் சுற்றி நின்று, அடிச்சேறு என்றும் வாயு என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கவிநேசன் மட்டும் குனிந்து உப்பல்களைக் கையால் அளந்தான். ஒவ்வொரு உப்பலும் ஒரு மண் கலயத்தின் வயிறு அளவு இருந்தது.

அவன் துறைமுகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. விரிவாக்கத்துக்காகக் கரையை வேலி போட்டு அடைத்தபோது, சுற்றுவட்டாரத் தோட்டத்துத் தமிழர்கள் அஸ்தி கரைக்கும் இடமும் வேலிக்குள் போய்விட்டது. கம்பெனி போட்டில் ஆழக்கடலுக்கே கொண்டுபோய்க் கரைத்துத் தருவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்தது. பொறுப்பு கவிநேசனுடையது. நம்ம ஆளு உள்ள இருக்கான் என்று ஜனங்கள் நிம்மதியாக அஸ்திக் கலயத்தை அவன் கையில் கொடுத்தார்கள்.

முதல் முறை போட் கிடைத்தது. அடுத்த முறை மீட்டிங்கில் கேட்டபோது மேசையின் அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவ்வளவுதான். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து படித்து வந்து டை கட்டியவனுக்கு அந்தச் சிரிப்பு செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவன் போட் கேட்கவே இல்லை. பழைய கரையோரம் குழாய் மணலைக் கக்கிக்கொண்டிருந்த பள்ளத்தில், வாய்க்கட்டைக்கூட அவிழ்க்காமல், கலயங்களை இறக்கி வைத்தான். இந்த மணலும் கடலிலிருந்து வருவதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனைப் பெற்ற பெத்தம்மாளின் கலயமும் அந்தப் பள்ளத்தில்தான் போனது.

இன்று அக்கா கலைமகள் துறைமுகக் கேட்டுக்கு வந்து நின்றாள். ஈரச் சேலை, வெறுங்கால், மார்போடு அணைத்த கலயம். அவள் புருஷன் ஷங்கர் மாமாவின் அஸ்தி. லோரி ஓட்டி மைத்துனனைப் படிக்க வைத்த மனிதர் அவர்.

“நானும் வாரேன்டா தம்பி. அம்மாவக் கரைக்கும்போதுதான் வர முடியல.”

“உள்ள வெளியாள விடமாட்டாங்கக்கா. ரூல்ஸ்லா.”

காவலுக்கு இருந்த சாமிக்கண்ணு தொப்பியைக் கழற்றினார். “சார் பாத்துக்குவாரும்மா. எங்க காளியம்மாவயும் சார்தானே கொண்டுபோய்க் கரைச்சாரு. பொண்டாட்டி நல்லபடியா போய்ச் சேந்துட்டான்னு நானும் நிம்மதியா தூங்குறேன்.”

கவிநேசன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க அவனுக்கு மூஞ்சி இல்லை. கலயத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

மாமாவையாவது ஒழுங்காகக் கரைக்க வேண்டும். யார்டின் ஓரத்தில் அலை தடுக்கப் பாறை அடுக்கியிருந்தது. அதில் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, கையாலேயே விட்டுவிடலாம். ஆனால் அங்கே போக அந்த மூலையைத்தான் தாண்ட வேண்டும். சாயங்கால வெயிலில் தார் இளகி நாறியது, தூரத்தில் மணல் உறிஞ்சும் கப்பல் விடாமல் முனகிக்கொண்டிருந்தது, அந்த முனகலுக்கு அடியில் வேறொரு சத்தம், சட்டி அடியைக் கரண்டியால் வழிக்கிற மாதிரி, விட்டு விட்டு, அவன் காலடிக்குக் கீழேயே கூடவே வந்தது. தார் வாடைக்கு நடுவே கற்பூரமும் ஈரச் சாம்பலும் மணத்தன. மாமாவின் கலயத்திலிருந்துதான் என்று சொல்லிக்கொண்டான். அது உண்மையில்லை. மணம் கீழேயிருந்து வந்தது.

பாறையில் இறங்கி வாய்க்கட்டின் முடிச்சில் கை வைத்தபோது இன்ஜின் சத்தம் கேட்டது. கம்பெனி போட். மேலாளரும், கோட் போட்ட வெளிநாட்டு விருந்தாளிகளும். மேலாளர் அவனைப் பார்த்துக் கையசைத்து, அங்கே என்ன செய்கிறாய் என்று மலாயில் கத்திக் கேட்டார்.

யோசிக்கவே இல்லை. கை தானாகக் கலயத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. பாறை இடுக்கில் செருகியது. பிறகு அதே கையைத் தூக்கி அவருக்கு ஆட்டினான். சிரிக்கவும் செய்தான்.

போட் போனதும் திரும்பிப் பார்த்தான். கலயம் இடுக்கு வழியாக ஆழத்துக்கு நழுவியிருந்தது. உடையவில்லை. தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினான், எட்டவில்லை. அங்கே ஈரமே இல்லை. படிக்க வைத்த மனிதரை ஒரு சிரிப்புக்குப் பயந்து குப்பை மாதிரி ஒளித்துவிட்டான். தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது.

“கரைச்சிட்டியாடா?”

அக்கா. யார்டில் நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் சற்றுத் தள்ளி சாமிக்கண்ணு. மனசு கேட்காமல் அவரே உள்ளே விட்டிருக்க வேண்டும்.

“கரைச்சிட்டேன்க்கா.” மேலேறி ஓடினான். “அங்கயே நில்லு. வராத!”

அவள் வந்துவிட்டாள். அந்த மூலைக்கு. வெறுங்காலோடு. சட்டென்று நின்று காலைப் பார்த்தாள்.

“தம்பி, கீழ என்னமோ சுரண்டுதுடா.”

“பைப்புக்கா. தண்ணி பைப்பு.”

“இல்ல. கூப்புடுறாங்க. கலா, கலான்னு.” முகம் வெளுத்தது. அவளைக் கலா என்று கூப்பிட்டது ஒரே ஆள்தான். “அம்மாவக் கடல்லதானே விட்ட?”

சுரண்டல் நின்றது. எல்லா இடத்திலும். கப்பலின் முனகல்கூட இல்லை. கீழே எல்லோரும் அவன் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

சொல்லிவிடலாம். இப்போதாவது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். சாமிக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் எரிந்தது.

“ஆமாக்கா,” என்றான். “நடுக்கடல்ல.”

அக்காவின் காலடியில் தார் பிளந்தது. ஒரு விரல் நுழையும் அளவு. உள்ளேயிருந்து பெத்தம்மாளின் குரல், மணல் அடைத்த தொண்டையோடு.

“தண்ணி.”

அக்கா அப்படியே மண்டியிட்டாள். நகத்தால் தாரைச் சுரண்ட ஆரம்பித்தாள். நகம் பிய்ந்தது. நிறுத்தவில்லை. சாமிக்கண்ணு வேறோர் உப்பலின் மேல் விழுந்து காதை வைத்தார். “காளியம்மா,” என்றார். அவரும் சுரண்டினார்.

கீழேயிருந்தும் சுரண்டினார்கள்.

தார் முழுக்க. வேலி வரைக்கும்.

அவன் முதுகுக்குப் பின்னால், பாறை இடுக்கிலும்.