ஒரே குழியில் இரண்டு லைன்

"குடையை இந்தப் பக்கம் பிடிங்க மேடம்... மழை என் முதுகுல விழட்டும், இழை மேல விழக் கூடாது."

அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மருத்துவமனை வாசலில் சாலை தோண்டிய இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டது. உள்ளே கம்ப்யூட்டர்கள் எல்லாம் வாயடைத்துப் போயின. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு நர்சுகள் மாடிப்படி ஏறி இறங்கினார்கள். ஒட்ட வந்தவன் அவன். கூட்டாளிகள் வைத்த பெயர் பசை. அங்கே நெட்வொர்க்கைக் கட்டிக் காக்கும் இன்ஜினீயர் அவள். வரும்போதே கடுகாய்ப் பொரிந்துகொண்டு வந்தவள், அவன் கையில் குடை இல்லாததைப் பார்த்துத் தன் குடையோடு குழிக்குள் இறங்கிவிட்டாள்.

கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி இழை தலைமயிர் கனம்தான். நுனியைச் சீராய் வெட்டி, எதிரெதிரே வைத்து, உருக்கி ஒட்ட வேண்டும். ஒரு துளி ஈரம் பட்டாலும் போச்சு. அந்த நேரத்தில் அவன் மூச்சை அடக்கிக்கொள்வான். நிமிர்ந்து பார்த்தால்... அவளும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். இமையில் மழைத்துளி. கோபத்தை எங்கேயோ மறந்து வைத்துவிட்ட கண்கள்...

இத்தனை வருஷம் நடுங்காத கை நடுங்கியது. ஒட்டு கோணிப்போனது.

"என்னங்க... பசை காஞ்சு போச்சா?"

மேலே நின்ற கூட்டாளிகள் அவனை அப்படிக் கூப்பிட்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது! குடை ஆடுகிறது என்று புளுகிவிட்டு மறுபடி வெட்டினான்.

ஒரு லைன் உயிர் பெற்றது. அடுத்ததை அவன் கையில் எடுத்தபோதுதான் அவள் முகம் மாறியது. ஒன்று அறுந்தால் மற்றொன்று கண் இமைக்குமுன் வேலையை ஏற்க வேண்டும் என்றுதான் மருத்துவமனைக்கு இரண்டு லைன். மாற்று லைனைப் பின் தெரு வழியாகத்தான் அவள் வரைந்து கொடுத்திருந்தாள். அது எப்படி இதே குழியில் கிடக்கிறது என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியும். பின் தெரு முழுக்கப் பாறை. காண்ட்ராக்ட் எடுத்த அண்ணன், இரண்டையும் ஒரே குழியில் போட்டு மூடச் சொன்னார். போட்டது இவன் கை. வளர்த்த அண்ணனைக் காட்டிக்கொடுப்பதா...

"தெரியலைங்க."

"ஒட்டும்போது என் கண்ணைப் பாத்தீங்க. இப்ப மண்ணைப் பாக்கறீங்க."

குடையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போய்விட்டாள்.

அந்தக் குடையோடு வீட்டுக்குப் போனவன், பின் தெருவில் குழி தோண்டியே ஆகவேண்டும் என்றான். அண்ணன் குதித்தார். அவள் உனக்கு யாருடா என்று கேட்டார்.

"இன்னொரு தடவை அறுந்தா ஆள் உயிர் போகும்ணே."

அண்ணனுக்குச் சுருதி இறங்கியது. கதவோரம் நின்ற அண்ணி குடையைப் பார்த்தாள். "உங்க தம்பி நல்லா ஒட்டிக்கிட்டாரு... தோண்டிக் குடுத்துடுங்க," என்றாள்.

மறுநாள் அண்ணன் மருத்துவமனையில் உள்ளதைச் சொன்னார். தெரியலை என்றது பொய் என்று இவனும் அவளிடம் போய்ச் சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பாறை உடைந்தது. அண்ணனும் கடப்பாரை பிடித்தார்.

சோதனை நாள். சர்வர் அறையில் முன் லைனை அவளே பிடுங்கினாள். திரையில் ஒரு சிமிட்டல்கூட இல்லை. மாற்று லைன் பொறுப்பை ஏற்றுவிட்டது. அவன் அடக்கியிருந்த மூச்சை விட்டுக் குடையை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "இன்னும் ஏதாவது பொய் பாக்கி இருக்கா?"

"ஒண்ணு இருக்குங்க... அன்னிக்குக் குடை ஆடவே இல்ல. உங்களைப் பாத்து என் கைதான் நடுங்குச்சு. இப்பவும்தான்..."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குடையோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் ஒரு மாத்து வைக்கிறதுதாங்க என் வேலை," என்றாள் மெல்ல. "உங்களுக்கு மட்டும்... வைக்கத் தோணலை."