கடகத்துக்குக் கீழே அண்ணாவின் காலடி

எங்கள் அம்மாவின் கோபம் உயிலங்குளம் ஊருக்கே தெரியும். ஜப்பானுக்கு வேலைக்குப் போகவேண்டாம் என்று என் அண்ணா பார்த்தீபனிடம் அம்மா சொன்னார். அண்ணா போய்விட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அண்ணாவோடு கதையே இல்லை. அவர் போனில் கூப்பிட்டால் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவார். மாடு பாவம், எவ்வளவுதான் குடிக்கும்?

ஆனால் போகும்போது அண்ணா வாசல் படலையடி மணலில் பதித்த காலடியை அம்மா கூட்டவேயில்லை. பயணம் போனவரின் காலடியைக் கூட்டக்கூடாதாம். அதன்மேல் ஒரு பழைய பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து, காற்றுக்குப் பறக்காமல் கல்லும் வைத்தார். காலையில் முற்றம் கூட்டும்போது கடகத்தைச் சுற்றி மெதுவாகக் கூட்டுவார். அண்ணாவோடு கோபம், அவர் காலடிக்குக் காவல்!

மாரி மழை தொடங்கி விடாமல் பெய்தது. அப்பாவும் இல்லாத வீடு. வானம் இருண்டால் எங்கள் வீடும் இருண்டுவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை மழை விட்டது. அம்மா கடைக்குப் போனதும் கடகத்தைத் தூக்கிப் பார்த்தேன். காலடி இல்லை. ஈரமணலும் நாலைந்து எறும்பும்தான் கிடந்தன. அம்மா இதை எப்படித் தாங்குவார்?

அந்த நேரம் பார்த்து அண்ணா வீடியோவில் வந்தார்.

"சுவேதினி, அம்மா எங்க?"

"கடைக்குப் போட்டா."

"அப்ப இண்டைக்கு மாடு தப்பிச்சுது" என்றார். சிரித்தாலும் முகம் வாடித்தான் இருந்தது.

லீவு நாளாம். ஒரு பழைய புத்த கோயிலுக்குத் தனியாக வந்திருந்தார். வசந்தத்தில் அங்கே எல்லா மரமும் பூவாக நின்றதாம். இப்போது எல்லாம் சிவப்பு இலை. முற்றம் முழுக்க வெள்ளைச் சிறுகல் பரப்பி, பெரிய கற்களைச் சுற்றி அலை அலையாகக் கோடு இழுத்திருந்தார்கள்.

மழை பெய்தால் கோடு அழியாதா என்று கேட்டேன். அழியும், பிக்குமார் திரும்பவும் இழுப்பார்கள் என்றார் அண்ணா.

"அழிஞ்சுதெண்டு கவலைப்படமாட்டினமோ?"

"திரும்ப இழுக்கத் தெரியுமெல்லோ. பிறகென்ன கவலை?"

போனைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தேன். காலடி இருந்த இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடு இழுத்தேன். எங்கள் கோழி நடுவே நடந்து போனது. அண்ணா இந்த முறை உண்மையாகவே சிரித்தார்.

படலை திறந்தது. அம்மா பையோடு அப்படியே நின்றார்.

"கடகம் எங்க?"

எனக்குப் பொய் வரவில்லை.

"மழை அழிச்சுப்போட்டுது, அம்மா. காலடிதான் போயிட்டுது. அண்ணா இருக்கிறார், பாருங்கோ." போனை நீட்டினேன்.

அம்மா கதிரையில் பொத்தென்று இருந்தார். "அம்மா" என்றார் அண்ணா. அம்மாவின் கண்ணீர் போனில் விழுந்தது. நான் சட்டை நுனியால் துடைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கோயில் முற்றத்தைக் காட்டும்படி அம்மா கேட்டார்.

"வடிவாத்தான் கூட்டியிருக்கினம். ஏன் ஒரு காலடியும் இல்லை?"

"இங்க ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது, அம்மா."

அம்மா என் கோணல் கோடுகளைப் பார்த்தார். கோழியின் காலடிகளையும் பார்த்தார்.

"அப்ப இங்க வந்து கால் வையன், தம்பி" என்றார்.