தெளிஞ்சதும் பேசிக்கலாம்

இரண்டு மாடி ஏறி வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் தேசப்பன் கவனித்தான், இடது காலில் செருப்பைக் காணோம். எந்தப் படியில் கழன்றதோ. அதுகூடப் பரவாயில்லை. பங்குனி வெயிலில் கொதிக்கிற சிமெண்ட் தரையில் வெறுங்காலை ஊன்றி நிற்கிறான், சூடு ஏறவே இல்லை. ராத்திரி பூரா படகில் நின்ற கால், மரத்துப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். இடது கை வரவில்லை. வலது கையால் தட்டினான்.

காலையில் கரை ஏறும்போது நடந்தது அது. அலை ஒன்று ஃபைபர் படகைத் தூக்கி அடித்ததில் அதன் விளிம்பு அவன் வலது காதுக்கு மேலே மடேரென்று இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது வாய் நிறைய மணல், மேலே கூட்டாளி ஜான்சனின் முகம். எழுந்து உட்கார்ந்து சிரித்தான், டீ குடித்தான், வலையில் சிக்கிய நண்டைக்கூட நிதானமாக எடுத்துப் போட்டான். ஜான்சன்தான் விடவில்லை. குப்பத்தில் அடிபட்ட எவனுக்கும் நடக்கிற வைத்தியம்தான், பிராந்தியைத் துண்டில் ஊற்றி வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டினான்.

"குடிச்சாதான மச்சி தப்பு? தேச்சிக்கினா மாதா ஒண்ணும் சொல்லாது."

பிராந்தி கழுத்து வழியே ஒழுகிச் சட்டைக்குள் இறங்கியது. கட்டோடு போனால் பெண்டாட்டி ரோஸி பயந்துவிடுவாளே என்று வழியிலேயே துண்டை அவிழ்த்துத் தூக்கிப் போட்டவனும் தேசப்பனேதான். வீக்கம் அடர்ந்த முடிக்குள் மறைந்துகொண்டது. புத்திசாலி.

சாம்பல் புதனன்று கோயில் வாசலில், நெற்றியில் சாம்பலோடு, பெண்டாட்டி தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான், ஈஸ்டர் வரைக்கும் குடியைத் தொடமாட்டேன் என்று. இன்று முப்பத்தோராவது நாள். பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் அவன் தெளிவாக இருந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட ரோஸி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "நீ இப்பிடி கீறத பாத்தா பயமா கீதுயா, எவ கண்ணாவது பட்டுடப்போவுது."

கதவு திறந்தது. ரோஸி சிரித்தாள். அப்புறம் அவள் மூக்கு சுருங்கியது. சிரிப்பு அந்த முகத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். மண்டையில் விழுந்த அடி இந்த அளவுக்கு வலிக்கவில்லை.

குடிக்கல ரோஸி, சத்தியமா குடிக்கல, படகு மண்டையில அடிச்சிச்சு, ஜான்சன் பிராந்திய தடவி உட்டான். மனசுக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வாயில் நாக்கு தடித்துக் கிடந்தது.

"இல்ல... குடி... குடி..."

"தெரியுது," என்றாள் ரோஸி.

வாசற்படியில் கால் தடுக்கி உள்ளே விழுந்தான். வாந்தி பீறிட்டது. அவள் திட்டவில்லை. திட்டினால் தேவலை. பக்கெட்டை எடுத்து வந்தாள், வாயைத் துடைத்தாள், பாயை விரித்துச் சுவரோரமாக, வாசலைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தவனை எப்படிக் கிடத்த வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு அடுப்படியில் போய் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மிளகாய் வாசனை, பினாயில் வாசனை, எல்லாவற்றுக்கும் மேலே அவன் சட்டையிலிருந்து கிளம்பிய பிராந்தி வாசனை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

வலி இப்போது தலை முழுக்கப் பரவியிருந்தது. தூக்கம் வந்தது. இனிப்பான தூக்கம். அது வந்த விதத்தில்தான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தம்பி பாரத். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடையாறு பாலத்தில் பைக்கிலிருந்து விழுந்தவன். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அவனே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, லேசா தலைவலி என்று படுத்தவன். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா தேசப்பனை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"கோமான்னா தூக்கம் இல்லைங்க. தூங்குறவங்கள எழுப்பிடலாம், இவங்கள எழுப்ப முடியாது. சர்க்கரை ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் வரும், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், விஷம், எதனால வேணா வரும். உங்க தம்பிக்கு மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. மண்டை ஓடு விரியாது இல்லையா, உள்ள சேர்ற ரத்தம் மூளைய அமுக்குது. மொதல்ல நல்லாத்தான் பேசுவாங்க. அந்த நேரத்துல கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

பிறகு அவர் பாரத்தின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். ஒரு கண் பாப்பா சுருங்கியது, இன்னொன்று சுருங்கவில்லை. பாரத் பத்தொன்பது நாள் கிடந்தான். பிறகு குழிக்குப் போனான்.

அவன் கிடந்ததும் இப்படித்தான். முதல் மூன்று மணி நேரம். வீட்டுப் பாயில்.

தேசப்பன் எழ முயன்றான். இடது பாதி உடம்பு பாயோடு ஒட்டிக் கிடந்தது. வலது கை அசைந்தது. அதை இழுத்து இழுத்துத் தூக்கிக் காதுக்கு மேலே வைத்தான். இங்க. ரோஸி, இங்க பாரு.

ரோஸி வந்தாள். அந்தக் கையை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள். "வலிக்கத்தான் செய்யும். குடிக்கசொல்லோ தெரியல?" அவள் விரல்கள் அவன் முடிக்குள் போயின. ஈரத்தைத் தொட்டன. இன்னும் ஓர் அங்குலம். இன்னும் ஓர் அங்குலம் மேலே போனால் வீக்கம். அவள் விரலை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"தலையில கூட ஊத்திக்கினு வந்துகீறான்."

பக்கத்து வீட்டு அன்புக்கரசி மோரோடு வந்து குனிந்தாள். "ஏய் ரோஸி, கண்ணு ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா கீதேடி."

அப்படித்தான். அதுதான். சொல்லு அக்கா, இன்னொரு வாட்டி சொல்லு.

"இந்தக் கண்ண பன்னெண்டு வருசமா பாத்துகினு கீறேன்கா," என்றாள் ரோஸி. "தெளிஞ்சதும் பேசிக்கலாம். உடுங்க."

வெளிச்சம் மங்கியது. இன்னும் மதியம்தான். யாரோ அவன் பெயரைக் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு தடவை. சத்தமாக. நெஞ்சில் முட்டியை வைத்து அழுத்த வேண்டும். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

படியில் காலடிச் சத்தம். கதவருகில் ஜான்சனின் குரல், குழைந்து வந்தது. "என் பிராந்திதான் ரோஸி. கோச்சிக்காத." இவனுக்கு அடிபட்டது அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் பேசுகிறான், பாவி. ரோஸி பாத்திரத்தை ணங்கென்று கீழே வைத்தாள். ஜான்சன் உள்ளே எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"தூங்கறானா?"

யாரோ குறட்டை விட்டார்கள். ஆழமாக, கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து. அறையில் படுத்திருப்பது தேசப்பன் ஒருத்தன்தான்.

"நல்லா தூங்கறான்," என்றான் ஜான்சன் நிம்மதியாக. "தூங்கட்டும். தூங்கினா எல்லாம் சரியாப்பூடும்." காலடி படியிறங்கிப் போனது.

அந்தக் குறட்டையைக் கேட்டதும் ரோஸிக்கும் கோபம் இறங்கிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். நெற்றியில் சின்னதாகச் சிலுவை போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் வெளியே போய், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். வராந்தாவில் பந்து விளையாடிய பிள்ளைகளை விரட்டினாள். தண்ணிக் குடத்தோடு வந்தவளிடம் மெல்ல வைக்கச் சொன்னாள்.

மாடி முழுக்க அடங்கியது. டிவி இல்லை. பந்து இல்லை. பேச்சு இல்லை.

குறட்டை. நீண்ட இடைவெளி. குறட்டை.

மூடாமல் கிடந்த ஒரு கண்ணில் வாசல் மட்டும் தெரிந்தது. ரோஸி அங்கே காவலுக்கு நின்றாள். படியேறி வந்த யாரையோ பார்த்து, யாரும் அவனை எழுப்பிவிடக் கூடாது என்று, உதட்டில் விரலை வைத்தாள்.