மாடி அறை ரேடியேட்டர்

மாடி அறையின் ரேடியேட்டர், வெந்நீர் ஓடி அறையைச் சூடேற்றும் அந்த வார்ப்பிரும்புச் சட்டம், சூடாக இருந்தது. டெரிக் லாக்ஸோ கையை எடுத்தான். மறுபடி வைத்துப் பார்த்தான். சூடுதான்.

அதன் வால்வை அவன் மார்ச் மாதமே மூடியிருந்தான், மனைவி மார்னியின் இறுதிச் சடங்கு முடிந்து வீடு திரும்பிய அன்று, இனி திறக்கவே முடியாதபடி இறுக்கி.

டிசம்பரில் டுலூத் நகரம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஏரியிலிருந்து புறப்பட்ட காற்று ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் நுழைந்து மெலிதாக ஊளையிட்டது. கீழே நிலவறையில், தண்ணீரைச் சூடாக்கிக் குழாய்களில் அனுப்பும் பாய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டது. கருகிய தூசியும் பழைய கம்பளியும் கலந்த குளிர்கால வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மென்தால் தைலம். மார்னியின் மார்பில் அவன் தினமும் தடவிவிட்டது.

குளிர்காலத் தொடக்கத்தில் எல்லா வீடுகளிலும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ரேடியேட்டரின் ஓரத்திலிருந்த சின்னத் திருகைச் சாவியால் திருப்பினான். உள்ளே அடைபட்ட காற்று சீறி வெளியேறும், பிறகு தண்ணீர் துளிக்கும், மூடிவிடலாம்.

காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை. காற்று நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி வந்தது, வெதுவெதுப்பாக அவன் விரல்கள் மேல். நின்றது. வந்தது.

அவசரமாக மூடினான்.

மறுநாள் வெப்பமூட்டி வேலை செய்யும் ரூடி வந்தார். நிலவறையில் பாய்லரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கு எங்கப்பாவை விட வயசு ஜாஸ்தி தம்பி. அவரை விட ஒழுங்கா வேலையும் பாத்திருக்கு."

"தூக்கிடலாம் இல்லையா?"

"பாய்லரை மாத்து, தப்பில்ல. ரேடியேட்டரெல்லாம் இருக்கட்டும். இந்த மாதிரி இரும்பு இப்ப யாரு வாக்குறா? வீட்டுக்கே போர்வை போத்தின மாதிரி இருக்கும். சூடான காத்து ஊதுற மெஷின் வெச்சியானா ராத்திரி பூரா மூக்கு காஞ்சு கெடப்ப."

"பரவால்ல. எல்லாத்தையும் எடுத்துடுங்க. குழாயையும்."

"அட, குழாய் உன்னை என்ன பண்ணிச்சு?"

டொக். டொக் டொக்.

தலைக்கு மேலே ஓடிய குழாயில் இருந்து வந்தது. ரூடி நிமிர்ந்தார். "மேல யாரு?"

"யாருமில்ல. சூட்டுல குழாய் விரியுது."

ரூடி கையை உயர்த்திக் குழாயைத் தொட்டார். "வந்ததும் பாய்லரை அணைச்சுட்டேனே தம்பி. இது சில்லுனு இருக்கு."

டொக். டொக் டொக்.

அதன்பின் அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. என்றைக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும் என்றான் டெரிக்.

சனிக்கிழமை மார்னியின் தங்கை ஜோலீன் வருகிறாள். இங்கே வேலை கிடைத்திருந்தது. வேறு வீடு பார்க்கும்வரை அந்த மாடி அறையில்தான் தங்குவாள். அவளுக்கும் கேட்கும். இது என்ன சத்தம் என்று கேட்பாள்.

கடைசி மாதங்களில் மார்னிக்குக் குரல் எழும்பவில்லை. படுத்தபடியே கல்யாண மோதிரத்தால் ரேடியேட்டரைத் தட்டுவாள். இரும்பு அதைக் குழாய் வழியாக நிலவறைக்குக் கொண்டுபோகும். அங்கே சோபாவில் சற்றுக் கண்ணயர்ந்திருக்கும் டெரிக் எழுந்து ஓடுவான். தண்ணீர், தலையணை, தைலம். ஒவ்வொரு முறையும் ஓடினான்.

ஒரு மாலை மட்டும் ஓடவில்லை. டிவியில் ஹாக்கி ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உட்கார்ந்திருந்தான். டொக், டொக் டொக். ஒரு நிமிஷம், என்றான் வாய்க்குள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். தட்டல் நெடுநேரம் நீடித்தது. வேகமானது. பிறகு தாளம் தப்பியது. பிறகு இல்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் மேலே போனான்.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னான். கல்லறையில் ஜோலீன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்ன மாதிரி எவன்டா பாத்துப்பான்?" போனில் பேசும்போதெல்லாம் அதையே சொல்வாள். ஒவ்வொரு முறையும் அவனுக்குக் காதுமடல் எரியும். அப்படியும் ஒருமுறைகூட அவளை மறுத்ததில்லை.

ரூடியின் ஆட்கள் குழாய்களை அறுத்தார்கள். ரேடியேட்டர்களை முனகலோடு கொல்லைக்குச் சுமந்து கராஜ் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார்கள். பழைய இரும்பு எடுக்கும் லாரி திங்கட்கிழமைதான் வரும். வீடெங்கும் புதுத் தகரக் குழல்களில் வெந்நீர் இல்லாத, இரும்பு இல்லாத வெறும் காற்று ஓடியது. அமைதி. டெரிக் மாடி அறைக்குப் போய் நின்று கேட்டான். ஒன்றுமில்லை. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

ஜோலீன் காட்டரிசி சூப்புடன் வந்து இறங்கினாள்.

"என்னடா, வீடு இப்படிக் கொதிக்குது? மார்னி இருந்தப்ப நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வருவேன்."

"புது மெஷின்."

"அவ இருந்தப்பவே மாத்தியிருக்கலாம் இல்ல?" சொன்னவுடன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சே, தப்பா சொல்லிட்டேன். நீ செஞ்சதே அதிகம்."

அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து விடாத பனி. டிவியில் ஹாக்கி.

டொக்.

கரண்டி அவன் கையில் நின்றது.

டொக் டொக்.

"யாரோ தட்டுறாங்க," என்றாள் ஜோலீன்.

"காத்து."

"காத்து இப்படியா தட்டும்? கொல்லைப் பக்கம் கேக்குது. போய்ப் பாரேன்."

எழவேண்டும் என்று நினைத்தான். எழவில்லை. கை மட்டும் நகர்ந்தது. ரிமோட். சத்தத்தைக் கூட்டினான். கூட்டத்தின் ஆரவாரம் அறையை நிறைத்தது.

ஜோலீன் அவனை விநோதமாகப் பார்த்தாள். செருப்புகூடப் போடாமல், காலுறையோடு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

தட்டல் நின்றது.

உடனே நின்றது. ஒருவழியாக ஆள் வந்துவிட்டது போல.

டெரிக் சமையலறை ஜன்னலுக்குப் போனான். கண்ணாடியைத் துடைத்தான். கராஜ் சுவரோரம் ரேடியேட்டர்கள் வெள்ளைக் குவியல்களாக இருந்தன. மாடி அறையில் இருந்தது மட்டும் கறுப்பாக, ஈரமாக. அதன்மேல் பனி இல்லை. அதைச் சுற்றித் தரை தெரிந்தது, புல் தெரிந்தது. அறுபட்ட குழாய் முனை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. சின்னத் திருகிலிருந்து ஆவி வந்தது. நின்றது. வந்தது.

ஜோலீன் அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். கன்னத்தை இரும்பில் சாய்த்து, காதைத் திருகோடு ஒட்டி வைத்திருந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலையசைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி அசைத்தாள். அவள் தலைமயிரில் பனி சேர்ந்தது. தோள்களில் சேர்ந்தது. அவள் தட்டிவிடவில்லை. டெரிக் கதவுப் பக்கம் ஒரு அடிகூட வைக்கவில்லை. பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் கண்கள் மட்டும் மெல்ல உயர்ந்து ஜன்னலில் வந்து நின்றன. காது இரும்பை விட்டு அகலவில்லை. ஆவி வந்துகொண்டே இருந்தது.