பெர்னார்டின் மோட்டார்

மூன்றாவது முறை துடைத்த பிறகும் முன்சக்கரத்தின் பிரேக் தட்டில் எண்ணெய் பூத்திருந்தது. ரெம்பாவ் போலீஸ் நிலைய முற்றத்தில் ஆறு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்த மோட்டார் சைக்கிள் அது. துரு இருக்கலாம், தூசி இருக்கலாம், எண்ணெய் எங்கிருந்து வரும்? தங்கராஜு புதுத் துணி எடுத்தான். தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் செம்பனைக்காடு மத்தியானத்திலேயே இருட்டிக் கிடந்தது. அழுகிய பழக்குலைகளின் புளித்த வாடைக்கு மேலே, அந்த டயர் பாலிஷின் இனிப்பு வாடையும் வந்துகொண்டே இருந்தது. அந்த பாலிஷ் டின்னை அவன் எப்போதோ ஓடையில் எறிந்துவிட்டான்.

"சர்ச்சு திருநாளுக்குப் போவணும், கண்ணாடி மாதிரி ஆக்கிடு லா" என்று சொல்லித்தான் நண்பன் பெர்னார்ட் ஆறு மாதத்துக்கு முன்பு மோட்டாரைக் கொடுத்தான். டின்னில் சக்கரப் படம் இருந்தது. கீழே சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. தங்கராஜுக்கு எழுத்துத் தெரியாது; யாரையாவது படிக்கச் சொல்ல வெட்கம். சக்கரம் முழுக்க, தட்டும் மின்னும்வரை, அடித்துவிட்டான்.

தம்பின் ஊருக்குப் போகும் சாலை வளைவில் பெர்னார்டின் மோட்டார் நிற்கவில்லை.

அவனைப் புதைத்த பிறகுதான் தங்கராஜு எழுத்துப் பழகினான். கடையில் அதே மாதிரி டின் ஒன்றை எடுத்து, மலாய் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினான். பிரேக்கில் அடிக்காதே.

"அண்ணே."

பெர்னார்டின் மனைவி பெட்ரிசியா காப்பியோடு நின்றாள். "மோட்டார வாங்குறவங்க நாளைக்கு வராங்க. ஒண்ணு கேக்கவா? அவரு குடிச்சிட்டு ஓட்டினாருன்னு எல்லாரும் சொல்றாங்க. மகள ஸ்கூல்ல 'மாபோக் மகள்', குடிகாரன் மகள்னு கூப்பிடுறாங்களாம். கடைசியா உங்ககிட்டதானே வந்தாரு. குடிச்சிருந்தாரா?"

இல்லை. ஒரு சொல் போதும். ஆனால் அடுத்த கேள்வி பிரேக்கைப் பற்றி இருக்கும்.

"கொஞ்சம் வாடை அடிச்சிச்சு மா" என்றான்.

அவள் தலை தாழ்ந்தது. காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

காது மடல் எரிய, தங்கராஜு கைப்பிடிக்கும் பிரேக் பிடிக்கும் நடுவே விரல் விட்டுத் துடைத்தான்.

க்ரிக்.

பிரேக் பிடி அவன் விரல்கள்மேல் தானாக அழுந்தியது. விட்டது. மறுபடி. இன்னும் வேகமாக. நிறுத்தத் தவிக்கிறவன் அழுத்துவதுபோல்.

விரலை இழுத்தான். வரவில்லை.

பிடியின் வெளிப்புறத்தில் பாலிஷ் படலம் நான்கு இடத்தில் அமுங்கியது. கண்ணுக்குத் தெரியாத நான்கு விரல்.

"பெட்ரி..." என்று வாயெடுத்தான்.

கட்டைமேல் தூக்கி வைத்திருந்த முன்சக்கரம் சுழலத் தொடங்கியது. மெல்ல. பிறகு வேகமாக.

பிடி முழுதாக, அவன் எலும்புவரை, அழுந்தியிருந்தது.

சக்கரம் நிற்கவில்லை.