நாலு மீட்டரில் ஒரு பொய்

வீ...ல்ல்ல்!

பகல் பதினொரு மணிக்கு ஆலையையே உலுக்கியது அந்த அலறல்.

அலறியது பெண் அல்ல... பம்ப்!

பாய்லருக்கு எண்ணெய் தரும் தொட்டியில் உறிஞ்ச ஒரு சொட்டும் இல்லாமல், காற்றைக் கடித்துச் சூடேறி, உயிரை விட்டது.

கண்ட்ரோல் ரூம் திரையிலோ... தொட்டியில் நாலு மீட்டர் எண்ணெய்!

"நாலு மீட்டர் எண்ணெய் எங்கேய்யா போச்சு?" மேனேஜர் கத்தினார். விரல், தொட்டி ஆபரேட்டர் பக்கம் திரும்பியது. "ரெண்டு நாளா வந்த லாரியைத் திருப்பி அனுப்பினது நீதானே?"

"நிறைஞ்சிருக்குன்னு காட்டுச்சு சார்... அதான்..."

"திருட்டுப் பயலே! போலீஸ் வந்துக்கிட்டிருக்கு!"

ஆபரேட்டரின் முகம் வெளுத்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம். பக்கத்தில் நின்ற கருவி மெக்கானிக்கின் கையைப் பிடித்தான். அக்கா புருஷன்.

"மாமா... நான் எடுக்கல மாமா!"

மாமாவுக்கு ஆலையில் 'மோப்பம்' என்று பெயர். தொலைந்த ஸ்பேனரை எல்லாம் துப்பறிந்து கண்டுபிடிப்பவர். பாதி, அவரே தொலைத்தவை.

"அழாத மாப்ள. இதுக்குப் பின்னாடி பெரிய மூளை ஒண்ணு இருக்கு. அதை நான் புடிக்கிறேன்!"

மூவரும் தொட்டியின் மேல் ஏறினார்கள். உச்சியில், கீழ்நோக்கிய முகத்தோடு, உள்ளங்கை அளவில் ஒரு கருவி.

மோப்பம் அதைத் தட்டிக் காட்டினார். "இது சார், நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தைக் கீழே அனுப்பும். எண்ணெய்ல முட்டித் திரும்பி வரும். போய் வந்த நேரத்தை வெச்சுத் தூரத்தைச் சொல்லிடும். தொட்டி உயரம் அஞ்சு மீட்டர். ஒரு மீட்டர்ல முட்டுச்சுன்னா..."

"மிச்சம் நாலு மீட்டர் எண்ணெய்!"

"அங்கதான் சார் விளையாடிட்டான்! முட்டினது எண்ணெயா, வேற ஏதாவதான்னு இதுக்குத் தெரியாது!"

பக்கத்து மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்.

ஒரு மீட்டர் கீழே... கம்பியில் தொங்கியது ஒரு இரும்புத் தகடு!

"பாத்தீங்களா! கருவி வேலை தெரிஞ்ச கைகாரன் சார்!"

"இந்த ஆலையில அந்த வேலை தெரிஞ்சவங்க எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான்!" நெஞ்சை நிமிர்த்தினார் மோப்பம்.

சொன்ன பிறகு நெஞ்சு மெல்ல இறங்கியது.

தகட்டை இழுத்தார். அடியில் ஒரு அட்டை. எண்ணெயைத் துடைத்தார்.

'சோதனைத் தகடு. திங்கள். தொங்கவிட்டவர்:' அவருடைய கோழிக் கிறுக்கல் கையெழுத்து!

'கழற்றியவர்:' காலி.

திங்களன்று ஒரு மீட்டரில் தகட்டைத் தொங்கவிட்டு, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்தவர், அதைக் கழற்றாமலே மூடியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்!

"அப்போ... எண்ணெய்?"

"பாய்லர் குடிச்சிருக்கு சார்... வழக்கம்போல... மூணு நாளா..."

ஆபரேட்டர் கண்ணைத் துடைத்தான். ஃபோனை எடுத்தான்.

"அக்கா... என்னைத் திருடனா மாட்டிவிட்டது யாருன்னு தெரிஞ்சுபோச்சுக்கா!"

கீழே ஜீப் ஹாரன்.

"போலீஸைத் திருப்பி அனுப்பிடுறேன்" என்றார் மேனேஜர்.

"வேணாம் சார்!" மோப்பம் ஏணிக்குப் பாய்ந்தார். "நான் அவங்க கூடவே போயிடுறேன்... வீட்டுக்கு ஸ்டேஷன் எவ்வளவோ தேவலை!"