தண்ணீர் கொடுத்தாயா?

காலையில் வண்டிக்காரன் விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போன தண்ணீர்த் தொட்டி மதியத்துக்குள் காலி. ஜேபெட்டி மூடியைத் திறந்து கைவிளக்கை உள்ளே அடித்தார். அடியில் ஒரு சொட்டு இல்லை; பக்கங்களில் யாரோ நக்கியது போன்ற வழவழப்பு, மூக்கில் ஏறும் மீன் எண்ணெய் வாடை.

"தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

"நான்தான் குடிச்சேன்," என்றாள் அவர் மனைவி ஊலாயு, அடுப்படித் தரையில் உட்கார்ந்தபடி. உதடுகள் வெடித்திருந்தன. "நிறுத்த முடியலய்யா. நாக்கெல்லாம் உப்பு. உனக்கு இல்ல?"

அவருக்கு இல்லை. மூடியைப் போட்டு மூடினார்.

ஜேபெட்டி அந்த வடதுருவக் கடலோர ஊரின் பண்பாட்டுக் குழுத் தலைவர். ஆண்டில் பாதி நாள் தெற்கத்தி மாநகர மேடைகளில், சீல் எனும் கடல்நாயின் தோல் மேலங்கிக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, 'கொன்ற சீலின் வாயிலும் நல்ல தண்ணீர் வார்ப்பவர்கள் நாங்கள். காலமெல்லாம் உப்புக்கடலில் தாகத்தோடு கிடந்த உயிர் அது' என்று தழுதழுப்பார். கைத்தட்டல் அடங்கும்வரை கண்களை மூடிக்கொள்வார். சொந்தமாகச் சுட்ட சீல் எத்தனை என்று எந்த மேடையும் கேட்டதில்லை.

போன வாரம் படக்குழு ஒன்று வந்தது. சித்தப்பா மகன் மக்காஸி பனிமேல் சீல் ஒன்றைச் சுட்டான். படத்துக்காகத் துப்பாக்கியை இவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார். மக்காஸி சறுக்குவண்டி எடுக்கப் போன நேரத்தில், மீசையில் உறைபனி கட்டியிருப்பது படத்தில் அசிங்கமாகத் தெரியுமே என்று, சீலுக்காகக் குடுவையில் கொண்டுபோன தண்ணீரில் மீசையைக் கழுவினார். கடைசிச் சொட்டுவரை.

"தண்ணி குடுத்தியாண்ணே?" என்றான் திரும்பி வந்தவன்.

"எனக்கே சொல்லித் தர்றியாடா?"

சீலின் வாய் திறந்தே கிடந்தது.

அன்று மண்டபத் தரையில் அட்டையை விரித்து, அந்தச் சீலின் இறைச்சியை ஊரே சுற்றி உட்கார்ந்து தின்றது. இவர் உரையை முடித்து இறங்கியபோது அட்டையில் ரத்தம்தான் மிச்சம். ஊரில் ஒரு துண்டும் தின்னாதவர் இவர் ஒருவரே.

வெளியே பகலில்லா மாதத்தின் இருட்டு. பனிப்புயல் கூரைத் தகட்டைப் பிறாண்டியது. ஊர் வானொலிக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார்கள்.

"எங்க மாமியா நாய்த் தண்ணிய குடிச்சிட்டாங்க. நாய் என்னையே பாக்குது!"

அறிவிப்பாளர் சிரித்தார். சிரிப்பு வறண்டு இருமலாயிற்று.

"பனிய உருக்கினாலும் உப்புக் கரிக்குது," என்றது இன்னொரு குரல்.

பிறகு மக்காஸி. "தலைவரே, கேக்குறியா? நெசமாவே குடுத்தியா? மறந்திருந்தா மறந்தேன்னு சொல்லிடுண்ணே. யாரும் உன்னத் தின்னுட மாட்டோம்."

ஊலாயு அவரைப் பார்த்தாள். இமைக்கவில்லை. அவர் காது மடல்கள் எரிந்தன. மறந்தேன் என்று ஒரே ஒரு சொல். தொலைபேசியை எடுத்தார். தன் மூச்சு வானொலியில் திரும்பி வருவதைக் கேட்டார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தார். மேடைக்குரல் வந்தது.

"நமது மரபின்படி, அனைத்தும் முறையாக நிறைவேற்றப்பட்டது."

வானொலி அடங்கியது.

அந்த அமைதியில், ஒரு ஈர மூச்சு. பனித்துளைக்கு மேலே மூக்கை நீட்டிச் சீல் விடும் மூச்சு. வானொலியிலிருந்து. பிறகு அடுப்படியிலிருந்து.

"ஊலாயு?"

தரையில் யாருமில்லை. வாசல் கதவு திறந்து அடித்துக்கொண்டிருந்தது.

படியில் நின்று கைவிளக்கை உயர்த்தினார். தெரு முழுக்கச் சனம். குப்புறப் படுத்திருந்தார்கள். கைகளை விலாவோடு ஒட்டி. தலையை நிமிர்த்தி. முன்வரிசையில் ஊலாயு. பக்கத்தில் மக்காஸி. கண்களில் வெள்ளையே இல்லை. வாய்கள் திறந்திருந்தன.

"தரேன்… இப்பத் தரேன்…"

பனியை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டார். உருகியது. இறங்கி மண்டியிட்டு, ஊலாயுவின் வாய்க்குள் அதைச் சொட்டவிட்டார்.

அவள் தொண்டை அசைந்தது. முகம் சுருங்கியது. அப்போதுதான் அவர் நாக்கும் உணர்ந்தது.

உப்பு.

அவர் பின்வாங்கினார். படி. அடுத்த படி. கதவு முதுகில் இடித்தது.

ஊர் வயிற்றால் நகர்ந்து வந்தது. திறந்த வாய்களோடு, ஒன்றன்மேல் ஒன்றாக, படியேறி.